‘மா’ என்று தனியாகச் சொல்லாதீர்கள்

நான் வேலை பார்த்த கிளினிக்கில் ஒரு விதி இருக்கிறது. ‘மா’ என்ற சொல்லைத் தனியாக உச்சரிக்கக் கூடாது. கோதுமை மா, அரிசி மா, பால்மா என்று முழுப் பெயரோடுதான் அது வாயை விட்டு வெளியே வர வேண்டும். புதிதாகச் சேரும் தாதியருக்குக் கை கழுவும் முறையைக் காட்டிக் கொடுத்த கையோடு இதையும் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், “பாஸ்கரன் அண்ணை காலத்திலயிருந்து இப்பிடித்தான்” என்பார்களாம். நான் ஏதோ பல்லவர் காலத்து ஆள் என்பது போல. நான் ஓய்வு பெற்றது போன வருடம்தான். அதுவும் வயது போய் அல்ல, முழங்கால் கெஞ்சிக் கேட்டதால்.

போன கிழமை கீர்த்தனா என்ற இளம் தாதி போன் எடுத்தாள். “அண்ணை, நேற்று வாய் தவறி ‘மா’ எண்டு சொல்லிப்போட்டன். டொக்டர் மிஸ் பார்த்த பார்வையில எனக்குக் காய்ச்சல் வந்திட்டுது. அப்பிடி என்ன நடந்தது? எழுதித் தாங்கோவன்.”

எழுதுகிறேன். ஆனால் இதை எழுதினால் நான் பயந்தாங்கொள்ளி என்பதும் சேர்ந்தே வெளியே வரும். பரவாயில்லை. என் மனைவி சுமதிக்கு அது தெரிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஊருக்கும் தெரியட்டும்.

தாதிப் பயிற்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வகுப்பு நிறையப் பெண்கள், மூலையில் ஆண்கள் நாலைந்து பேர். பிறகு அரச ஆஸ்பத்திரிகளில் சில வருடங்கள். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம், நோயாளிக்கு முன்னால் ஓடக் கூடாது என்பது. முதலில் மறந்துபோனதும் அதுதான். ஆண் தாதியை என்னவென்று கூப்பிடுவது என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் நாட்டில் தாதி என்றால் ‘மிஸ்’. வெள்ளவத்தை அம்மாமார் என் வெள்ளை உடுப்பைக் கண்டு ‘மிஸ்…’ என்று தொடங்குவார்கள். பிறகு மீசையைக் கண்டு ‘…டர்’ என்று முடிப்பார்கள். நான் இரண்டு பாதிக்கும் ஓம் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கிளினிக், கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். ரெயில் போகும்போது தராசு முள் ஆடும். ரெயில் போய் முடியும்வரை பிள்ளையை நிறுக்க மாட்டோம். சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டு ஒவ்வாமைதான் எங்கள் வேலை. முட்டை, பால், நிலக்கடலை, கஜு என்கிற முந்திரிப்பருப்பு, கோதுமை. எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்து, ஒத்துக்கொள்ளாததைக் காவலில் வைத்து, வீணாகச் சிறையில் கிடப்பதை விடுதலை செய்வது. பாதி நேரம் எங்களுக்கு விடுதலை வேலைதான். ‘கிரந்தி’, சொறி கிளப்பும் என்று பெரியவர்கள் ஒதுக்கியவை ஒரு பக்கம், போனில் வாசித்து இளையவர்கள் ஒதுக்கியவை மறுபக்கம். நடுவிலே பிள்ளை வெறும் சோறும் தண்ணீருமாக உட்கார்ந்திருக்கும்.

எங்கள் டொக்டர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்குத் தேவை இருக்கவுமில்லை. அறைக்குள் வந்ததும் தன் கதிரையில் அமர மாட்டார். ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப்போட்டு, பிள்ளையின் கண்ணுக்குக் கீழே தன் கண் வரும்படி குந்துவார். தாயிடம் ‘என்ன வருத்தம்’ என்று கேட்க மாட்டார். “நேற்றுக் காலமையிலயிருந்து பிள்ளையின்ட வாய்க்குள்ள என்னென்ன போனது?” என்பார். பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்து தாய்மார் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தால் வந்தது, எப்படிப் போனது, மறுபடி சாப்பிட்டபோது மறுபடி வந்ததா? இந்த மூன்றையும் கேட்காமல் எந்தச் சாப்பாட்டையும் அவர் குற்றவாளி ஆக்கியதில்லை.

எனக்கென்று அவர் வைத்திருந்த கட்டளை ஒன்று உண்டு. “மிஸ்டர் பாஸ்கரன், மூச்சு இழுத்தால் யோசிக்காதேங்கோ, ஊசியை எடுங்கோ. மூச்சு வடிவா இருந்தால், ஓட முதல் தொட்டுப் பாருங்கோ.”

இந்தக் கட்டளை பிறந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு நாள் பக்கத்துக் கலியாண மண்டபத்திலிருந்து ஒரு சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கஜு போட்ட இனிப்பு. உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. நான் அவசர மருந்துத் தட்டைத் திறக்கிறேனா, தட்டிவிடுகிறேனா என்று எனக்கே விளங்காத நேரத்தில், மிஸ் மருந்தை உறிஞ்சித் தொடையின் வெளிப்பக்கத்தில் ஏற்றிவிட்டார். பிறகு அம்பியூலன்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளை பிழைத்தான். அடுத்த நாள் தாய் எனக்கும் ஒரு பெட்டி இனிப்புக் கொண்டுவந்து தந்தார். உள்ளே கஜு. நான் தொடவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் முகத்திலும் சிவப்பைக் கண்டால் என் கால் முதலில் கிளம்பும். மூளை பிறகு மூச்சிரைத்துக்கொண்டு வந்து சேரும்.

இன்னொரு வியாதியும் எனக்கு இருந்தது. கிளினிக்குக்கு வரும் வருத்தமெல்லாம் என் உடம்புக்கும் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுத்தான் போகும். பால் ஒவ்வாமைப் பிள்ளைகள் அதிகமாக வந்த மாதம் நான் தேத்தண்ணியைப் பாலில்லாமல் குடித்தேன். நிலக்கடலைக் காலத்தில் கடற்கரைக் கடலைக்காரரைக் கண்டு பாதை மாறினேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

பிள்ளையின் பெயர் தக்ஷிகா, வீட்டில் தச்சு. இரண்டு வயதாக இன்னும் கொஞ்சம் இருந்தது. தாய் செல்வராணி, தகப்பன் மகேந்திரன். இருவரும் மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தார்கள். மகேந்திரன் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். அவரிடம் ஒரு போன் இருந்தது. அந்தப் போனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“குளூட்டன் மிஸ்,” என்றார், உட்காரும் முன்பே.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுக்கும் புரதம்தான் குளூட்டன். சிலரின் குடலுக்கு அது பகை. அப்படியானால் ஆயுள் முழுவதும் கோதுமைப் பக்கம் போக முடியாது.

மிஸ் ஸ்டூலில் குந்தினார். தச்சுவின் வயிறு உப்பி, கை கால்கள் மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணீராக வயிற்றால் போகிறது. நிறை ஏறவில்லை. ஒருமுறை அவித்த முட்டை கொடுத்த உடனே உதடு தடித்ததாம். மறுமுறை முட்டை பட்ட கரண்டிக்கே தடித்ததாம். முட்டைக்கு மிஸ் உடனே தலையாட்டினார். மற்றவை எல்லாம் போன் சொல்லி நிறுத்தியவை. முதலில் பாண், ரொட்டி, பிஸ்கட். அதற்கும் சரிவராததால் பால்மா. பிறகு மீன், பிறகு பருப்பு.

“அப்ப இப்ப என்னதான் குடுக்கிறனீங்கள்?”

“சோறு மிஸ். அப்புறம் ஜூஸ். புள்ள பிஸ்கட்டுக்கு ஏங்குது, பாக்கச் சகிக்கல. அதான் தெனமும் கடை முடிஞ்சு வர்றப்ப ஜூஸ் பக்கெட்டு வாங்கிட்டு வந்துடுவேன். அது மட்டும் நல்லாக் குடிப்பா.”

“நீங்கள் ரெண்டு பேரும் என்ன சாப்பிடுறனீங்கள்?”

மகேந்திரன் மனைவியைப் பார்த்தார். செல்வராணிதான் சொன்னாள். “நாங்க ரொட்டிதாங்க மிஸ். சின்னதுல இருந்து அதுதானே பழக்கம். ஆனா வீட்டுக்குள்ள திங்கிறதில்ல. இவரு படிக்கட்டுல நின்னு தின்னுட்டு, வாயத் தொடச்சிட்டு வருவாரு. அப்புறம் நான் போவேன். புள்ள கண்டா கைய நீட்டிக்கிட்டு அழும்ங்க.”

மிஸ் பிள்ளையின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பகிடி தொண்டைவரை வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மகேந்திரனுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. அவர் வெளியே போனார். அவர் வெளியே போனதை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

குளூட்டன் வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம். ஆனால் அதற்குக் கோதுமை தினமும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், வருத்தம் இருந்தாலும் இரத்தம் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று கையை விரித்துவிடும். ஆகவே மிஸ் செல்வராணியிடம் தெளிவாக, மெதுவாக, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்:

“ரத்தம் எடுக்க முதல் ஒன்றரை மாதம் மா போகவேணும். ஒவ்வொரு நாளும் மா குடுங்கோ. மா நிப்பாட்ட வேண்டாம். முட்டை மட்டும் வேண்டாம். விளங்கினதோ?”

“வெளங்குச்சுங்க மிஸ்.”

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் விளங்கியது. அறையில் இருந்த மூன்று பேருக்கும் விளங்கியது. அதுதான் பிரச்சினை.

ஒன்றரை மாதத்தால் தச்சு வந்தாள், நடந்து வந்தாள். போன முறை தாயின் தோளில் துணிபோலக் கிடந்த பிள்ளை, இந்த முறை என் மேசைக்குக் கீழே புகுந்து செருப்பொன்றைக் கழற்றிக்கொண்டு போனாள். ரெயில் போகும்வரை காத்திருந்து நிறுத்தேன். நிறை ஏறியிருந்தது. வயிறும் அடங்கியிருந்தது.

“மா ஒழுங்காக் குடுத்தனீங்களோ?” மிஸ் கேட்டார்.

“ஒரு நாள் விடலைங்க மிஸ்.”

மிஸ்ஸின் முகத்தில் சிரிப்பு வராது; இடது புருவம் கொஞ்சம் தளரும். அது தளர்ந்தது. கோதுமை கொடுத்தும் பிள்ளை தேறியிருக்கிறாள் என்றால் நல்ல அறிகுறி. இரத்தமும் அப்படியே சொல்லிவிட்டால் கதை முடிந்தது. “ரத்தம் எடுத்திட்டு வாங்கோ” என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

நான் பிள்ளையின் கையில் நரம்பு தேடிக்கொண்டே, தாயின் பயத்தைக் குறைக்க ஏதாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டேன். “என்ன, இப்ப நல்லாச் சாப்பிடுறாவோ?”

“சாப்பிடுறதா? ஒரே மூச்சுல குடிச்சிடுறா சார். நான் கரைச்சு முடிக்கல, கைய நீட்டுறா.”

ஊசி என் கையில். வாய் திறந்தபடி.

“எதைக் கரைச்சு?”

“மாதாங்க. மிஸ் குடுக்கச் சொன்னாங்களே? காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா. வெல கூடுன பக்கெட்டுதான், ஆனா மிஸ் சொல்லிட்டாங்களேன்னு இவரு வாங்கிட்டு வந்துட்டாரு.”

“பால்மாவோ?”

“பின்ன என்ன மா சார்?”

“கோதுமை?”

“ஐயோ, அது மாவுங்க! அத எப்புடிக் குடுப்பேன்? அதுதானே புள்ளைக்கு ஆகாதுன்னு இவரு சொன்னாரு?”

கவனியுங்கள். யாழ்ப்பாணத்துக்காரரான எங்களுக்கு மா என்றால் புட்டும் இடியப்பமும் ஆகிற மா. மலையகத்தில் அது மாவு. அவர்கள் வீட்டில் மா என்றால் பக்கெட்டில் வருகிற பால்மா. எங்கள் டொக்டர் மிஸ் பிழையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. செல்வராணி பிழையாக ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரண்டு சுத்தமான தமிழுக்கு நடுவே ஒரு ‘வு’ விழுந்து காணாமல் போய்விட்டது. கடையில் எல்லா ஊர்த் தமிழும் கேட்டுப் பழகிய மகேந்திரன் அன்று அறைக்குள் இருந்திருந்தால், ‘எந்த மா?’ என்று கேட்டிருப்பார்.

நான் என்ன செய்தேன்? ஓடினேன். இரண்டு அறைக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அதற்குள் ஒரு விளையாட்டு லொறியை மிதித்து, கதவு நிலையில் தோளை இடித்து, மிஸ்ஸின் முன்னால் போய் நின்று, “மிஸ், மா மா இல்லை!” என்றேன்.

மிஸ் பேனையை மூடினார். “இருந்து கதையுங்கோ.”

இருந்து கதைத்தேன். மிஸ் பரிசோதனைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். பிறகு, “நல்ல வேளை, எடுக்க முதல் கேட்டனீங்கள்” என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து அது ஒரு பொன்னாடை.

ஆனால் இப்போது நிலைமை முன்னையைவிடச் சிக்கலாகியிருந்தது. பிள்ளை தேறியது உண்மை. எதனால் தேறினாள்? கோதுமையே போகாததாலா, அல்லது பால் வயிற்றை நிரப்பி ஜூஸுக்கு இடமில்லாமல் செய்ததாலா? மகேந்திரனுக்கு அதில் சந்தேகமே இல்லை. அடுத்த நாள் அவரே நேரில் வந்துவிட்டார்.

“மிஸ், மன்னிச்சுக்கங்க. ரொட்டி குடுக்க மாட்டேன். புள்ள இப்பதான் ஆளா வந்திருக்கா. திரும்ப அந்தக் கோலத்துல என்னால பாக்க ஏலாது. கோதும இல்லாமலே வளத்துடுறோம். என்ன, நானும் செல்வராணியும் படிக்கட்டுல தின்னுட்டுப் போறோம்.”

“எத்தினை வருஷத்துக்கு?” என்று கேட்டார் மிஸ்.

மகேந்திரன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் போவா. கூட்டாளிமாரின்ட பிறந்தநாளுக்குப் போவா. எல்லா இடத்திலயும் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாதெண்டு பாத்துப் பாத்து இருக்கவேணும். உண்மையா வருத்தம் இருந்தால் அப்பிடித்தான் வளர்க்கவேணும், நான் கூட நிண்டு சொல்லித் தருவன். ஆனால் இருக்கோ எண்டு தெரியாமல் ஒரு பிள்ளைக்கு ஆயுள் தண்டனை குடுக்க எனக்கு மனமில்லை. உங்களுக்குப் பயமெண்டால் முதல் ரொட்டியை இஞ்ச வைச்சுக் குடுப்பம். நான் பக்கத்தில இருப்பன். பாஸ்கரனும் இருப்பார்.”

கடைசி வசனம் அவருக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். எனக்குத் தரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குறித்தோம். தடிமன், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாது. சொறிக்கான மருந்து எதையும் முன்னரே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உண்மையான அறிகுறியை அது மறைத்துவிடும். வீட்டில் வழக்கமாகச் சுடுகிற ரொட்டியையே கொண்டுவரச் சொன்னோம். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். முட்டை பட்ட சட்டியோ கரண்டியோ கூடாது. இம்முறை மிஸ் ‘கோதுமை மாவு’ என்று மலையகத்து வாயோடு அழுத்திச் சொல்ல, செல்வராணி ‘கோதுமை மா’ என்று யாழ்ப்பாணத்து வாயோடு திருப்பிச் சொல்ல, நான் இரண்டையும் கேட்டு, “ரொட்டி சுடுற மா, கரைச்சுக் குடிக்கிற மா இல்லை” என்று முத்திரை குத்தினேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பிள்ளையை நிறுத்து, அந்த நிறைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் பார்த்து, தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். வயிறு, முதுகு, கை, முகம் எல்லாம் பார்த்து, முன்பே இருக்கும் தழும்பையும் நுளம்புக் கடியையும் குறித்துக்கொண்டோம். பிறகு அதைக் கண்டு யாரும் அலறக் கூடாதல்லவா. யாரும் என்றால் நான்.

முதலில் உதட்டில் ஒரு பொடி தடவினோம். காத்திருந்தோம். ஒன்றுமில்லை. மிளகளவு. காத்திருந்தோம். நகத்தளவு. ஒவ்வொரு முறையும் முன்னதைப்போல் இரண்டு மடங்கு, ஒவ்வொரு முறைக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகள்தான் இந்த வேலையே. செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பார்த்துக்கொண்டே இருப்பது. பிள்ளைக்கு இதெல்லாம் பெரிய அநியாயமாகப்பட்டது. வாழ்க்கையில் மறுபடி ரொட்டி கிடைத்திருக்கிறது, அதையும் எறும்புக்குப் போடுவதுபோல் போடுகிறார்கள். “இன்ன… இன்ன…” என்று மேசையைத் தட்டினாள். மகேந்திரன் சுவரோரம் நின்று, ஒவ்வொரு துண்டுக்கும் தானே விழுங்குவதுபோல் தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தார்.

கால் ரொட்டி உள்ளே போயிருந்தது. மிஸ் கை கழுவத் திரும்பினார். நான் தட்டில் ஊசியைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

பிள்ளையின் வாயைச் சுற்றிச் சிவப்பு. கன்னத்தில் சிவப்பு. நாடியில் சிவப்பு. கழுத்துவரை இறங்கும் சிவப்பு.

“மிஸ்! ரியாக்ஷன்! மிஸ்!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. காலி வீதி பஸ்ஸொன்று பிரேக் அடித்ததுபோல். ஒரு கையில் ஊசி, மறு கையால் பிள்ளையின் காலைத் தேடினேன்; கிடைத்தது மகேந்திரனின் காற்சட்டை. அந்த மனிதர் பயத்தில் அசையவே இல்லை. இன்னும் ஒரு நொடியில் புறக்கோட்டைப் புடவைக் கடைச் சேல்ஸ்மன் ஒருவருக்கு மழலையருக்குரிய அளவில் மருந்து ஏறியிருக்கும்.

“பொறுங்கோ.”

மிஸ் ஸ்டூலில் குந்தினார். பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். மூச்சு அமைதியாக ஏறி இறங்கியது. உதட்டைப் பார்த்தார், வீக்கமில்லை. “தச்சு, அம்மா எங்க?” என்றார். தச்சு தெளிவான குரலில், “ம்மா!” என்று விரலை நீட்டினாள். அந்த விரலும் சிவப்பு.

மிஸ் ஒரு பஞ்சை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தார். சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது. கீழே நல்ல மாநிறக் கன்னம்.

எல்லோரும் செல்வராணியைப் பார்த்தோம். அவள் மடியில் இருந்த கைப்பை திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வெற்றிலை, வெற்றிலையில் அர்ச்சனைக் குங்குமம், குங்குமத்தில் ஐந்து விரல் அடையாளம்.

“காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தேங்க,” என்றாள், அழாக்குறையாக. “புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு…”

மிஸ் பஞ்சை என்னிடம் நீட்டினார். “ஒவ்வாமை துடைச்சால் போகாது, மிஸ்டர் பாஸ்கரன். மற்றக் கன்னத்தையும் நீங்கள் துடையுங்கோ. ஊசியை முதல் கீழ வையுங்கோ.”

வைத்தேன். அவசரத்தில் துடைப்பதற்குப் பதில் பூசினேன். தச்சு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மிச்ச ரொட்டியையும் தின்றாள். மத்தியானம்வரை வைத்துப் பார்த்தோம். தடிப்பில்லை, வாந்தியில்லை. வீட்டுக்கு அனுப்பினோம்.

அதன் பிறகு அடுத்த ஒன்றரை மாதம் வீட்டில் தினமும் கோதுமை. அதுதான் உண்மையான பரீட்சை. உடனடி ஒவ்வாமை இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் குடலுக்கு அது பகையா என்பது ஒரு ரொட்டியில் தெரியாது. ஜூஸ் பக்கெட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார் மிஸ். மகேந்திரனுக்கு அது உறைத்தது. “நான் வாங்கிக் குடுத்ததாலயா மிஸ்?” என்று கேட்டார். “அன்பாத்தான் குடுத்தனீங்கள். சின்ன வயிற்றுக்கு இனிப்புத் தண்ணி அளவுக்கு மிஞ்சினால் தாங்காது. அதுக்கும் அன்புக்கும் சம்பந்தமில்லை” என்றார் மிஸ்.

செல்வராணி இரண்டு நாளுக்கு ஒருமுறை எனக்குப் போன் எடுத்தாள். கேள்விகள் விவரமாக இருக்கும். பதிலை நான் சாப்பிடும்போதும் சொல்ல வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் என் வியாதி தலைதூக்கியது. ஒரு நாள் பின்னேரம் கிளினிக்கில் கறி வைத்த பன்னான மீன் பணிஸை வழக்கம்போல் தின்றதும் வயிறு உப்பியதுபோல் இருந்தது. அடுத்த நாளும். மூன்றாம் நாள் நான் கோதுமையைத் துறந்தேன்.

சுமதி கேட்டாள்: “ஏன் ரெண்டு பணிஸ் தின்னுறதை ஒண்டாக் குறைச்சுப் பாக்கேல்லையோ?”

“உமக்கு விளங்காது. இது குளூட்டன்.”

“உங்களுக்குக் குளூட்டன் இல்லை. கொழுப்பு.”

சொன்னாளே தவிர, அன்றிலிருந்து எனக்கென்று தனியாகக் கேழ்வரகில், அதாவது குரக்கனில், புட்டு அவித்தாள். ஒவ்வொரு நாளும், கறுத்த, நேர்மையான, குளூட்டன் இல்லாத குரக்கன் புட்டு. வீட்டில் மற்றவர்கள் பாணை மீன்குழம்பில் தோய்த்துத் தின்னும்போது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு புட்டைத் தின்றேன். மிஸ்கூடக் கவனித்துவிட்டார். “உங்கட ரத்தமும் எடுத்துப் பார்ப்பமோ?” என்றார். வேண்டாம் என்றேன். ஊசி என்றால் எனக்குப் பயம். மற்றவர்களுக்குக் குத்துவது வேறு விஷயம்.

இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களில், என் பகிடிகள் ஒன்றும் எடுபடவில்லை. எனக்கே எடுபடவில்லை. போன் அடித்தால் செல்வராணியோ என்று பார்ப்பேன். வயிறு சரியாக இருக்கிறது, விளையாடுகிறாள் என்பாள். ஆனால் சில பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே குடல் கெட்டுக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. “நல்லது, நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பேன்.

முடிவு வந்த நாள் மூவரும் வந்திருந்தார்கள். தராசில் ஏற்றினேன். ரெயில் வந்தது, அது போகும்வரை எல்லோரும் காத்து நின்றோம். பிறகு முள் நின்ற இடத்தைப் பார்த்து மிஸ்ஸின் இடது புருவம் தளர்ந்தது.

“கோதுமையால ஒண்டுமில்லை,” என்றார். “வடிவாக் குடுங்கோ. பாலை விடாதேங்கோ. மீன், பருப்பு எல்லாம் ஒவ்வொண்டாத் திரும்பக் குடுங்கோ. முட்டை மட்டும் இன்னும் வேண்டாம். அதை நாங்கள் பிறகு, அவ கொஞ்சம் வளர்ந்தாப்போல, இஞ்ச வைச்சுப் பார்ப்பம். கனபேருக்கு வளர வளர அது போயிடும்.”

செல்வராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகேந்திரன் போனை வெளியே எடுத்தார். எதையும் பார்க்காமல் மறுபடி சட்டைப் பையில் வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். முட்டையைப் பற்றிக் கேட்கப் போகிறார், குடலைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

“அப்ப மிஸ்… நான் இனிமே வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிடலாமா?”

மிஸ் குனிந்து தச்சுவின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டார், அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. “ஓம்,” என்றார் பிறகு. “மூண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ.”

அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தார். “மிஸ்டர் பாஸ்கரன், இண்டையிலிருந்து இஞ்ச ஒருத்தரும் மா எண்டு தனியாச் சொல்லக் கூடாது. நானும்தான்.” விதி பிறந்தது அப்படித்தான், கீர்த்தனா.

அன்று பின்னேரம் காலி வீதிக்கு ஏறினேன். என் கால் தானாகவே பேக்கரிப் பக்கம் திரும்பியது. வயிறு உப்பவில்லை, தலை சுற்றவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு இல்லை என்று வந்த வருத்தம் எனக்கும் இல்லை என்று உடம்பு முடிவெடுத்துவிட்டது, இரத்தம் எடுக்காமலே.

“மல்லி, மாலு பாண் தெகக் தென்ன,” என்று சிங்களத்தில் இரண்டு கேட்டேன்.

“கோ அய்யே, மெச்சர கல்?” என்றான் கடைக்காரன். இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தீர்கள் என்று. இரண்டு மீன் பணிஸையும் சூடாகத் தாளில் சுற்றித் தந்தான்.

ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் யோசனை வந்தது. உள்ளே எனக்காகக் குரக்கன் புட்டு அவிகிறது. எத்தனை நாளாக மாவை இடித்து, அரித்து, எனக்கென்று தனியாக அவிக்கிறாள் அந்த மனுசி. இப்போது எந்த முகத்தோடு பணிஸும் கையுமாக உள்ளே போவது? எங்கள் வீடு இரண்டாம் மாடி. பாதிப் படியில் நின்றேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, மேலேயும் கீழேயும் பார்த்து, பணிஸைக் கடித்தேன். அந்த நேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதர் தன் மகளுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்திருப்பார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையப் பணிஸ் இருந்ததால் அது இருமலாகத்தான் வெளியே வந்தது.

மேலே கதவு திறந்தது.

“படியில நிண்டு என்ன செய்யிறீங்கள்? உள்ளுக்க வந்து இருந்து தின்னுங்கோ. மீன் பணிஸ் மணம் குசினி அடுப்புவரைக்கும் வருது. எனக்கும் ஒண்டு வாங்கினனீங்களோ?”